பள்ளிக்கூடம், பிள்ளைகள், கதை: மூன்றையும் வைத்துக்கொண்டு எழுதும் வழி

சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் இருக்கிறார்கள். சிறுகதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளில் எழுத ஆசையுள்ளவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "உங்களுக்கு மட்டும் எப்படி டீச்சர் நேரம் கெடைக்குது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டுப் பாடவேளையில் ஆறு வகுப்பு எடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே "ம்மா, பசிக்கு" என்ற குரலைக் கேட்கிற ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தொடர்ச்சியாக மூன்று மணி நேரம், யாரும் கூப்பிடாத அறை, இதெல்லாம் இன்னும் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு நமக்குக் கிடைக்காது. பிள்ளை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களில் பலர் அப்புறம் எழுதவே இல்லை. கிடைக்கிற நேரம் துண்டு துண்டாகத்தான் வரும். இருபது நிமிடம், பதினைந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் இந்தத் துண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சிறுகதைக்குப் போதும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே கதை ஆறிப்போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை எழுதியதைச் சனிக்கிழமை எடுத்தால், எங்கே விட்டோம், இவள் ஏன் இப்படிப் பேசினாள் என்று கண்டுபிடிப்பதற்கே கிடைத்த இருபது நிமிடமும் போய்விடும். அதனால் நான் சொல்லப்போகிற ஏற்பாடுகள் எல்லாம் நேரத்தைப் பெருக்குவதற்கானவை அல்ல. கதையை ஆறவிடாமல் வைத்திருப்பதற்கானவை.

விட்ட இடத்தைக் குறித்து வைத்தல்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்திருக்க வேண்டி வரும். குக்கர் விசில், பையன் அழுகை, ஸ்டாப்பிங் வந்துவிட்டது, ஏதோ ஒன்று. எழுவதற்கு முன் இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் எழ வேண்டும். அது கதையின் வரியாக இருக்க வேண்டாம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை உங்களுக்கு நீங்களே சொல்லும் குறிப்பாக இருந்தால் போதும்.

என் நோட்டிலிருந்து ஓர் உதாரணம் காட்டுகிறேன். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. பாவு நூல் அறுந்து தறி நிற்கிற இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலில் இப்படி இருக்கிறது: "அடுத்து: முதலாளியைக் கூப்பிடமாட்டாள். தானே முடிச்சுப் போடுவாள். கையில் நேற்று வைத்த மருதாணி. பக்கத்துத் தறிக்காரி அதைப் பார்த்துவிடுவாள். கேட்கமாட்டாள். அவள் கேட்காததுதான் இவளுக்கு எரிச்சல்." அவ்வளவுதான். நாலைந்து நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தபோது முதலிலிருந்து படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. மருதாணி என்ற சொல்லைப் பார்த்ததுமே அந்தக் கூடத்துக்குள் போய்விட்டேன்.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். "அடுத்து: சண்டை வரும்" என்று எழுதி வைத்தால் உதவாது. சண்டை வரும் என்பது மறுநாள் நமக்கே வெறும் தகவலாகத்தான் தெரியும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளும், கதாபாத்திரத்தின் மனதில் அப்போது இருக்கிற ஓர் எரிச்சலோ ஆசையோ பயமோ, இந்த இரண்டும் இருந்தால் போதும். பொருள் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோகும். அந்த உணர்ச்சி அடுத்த வாக்கியத்தைத் தரும்.

அப்புறம், ஒரு காட்சியை எழுதி முடித்த இடத்தில் எழாதீர்கள். முடித்த இடத்தில் எழுந்தால் மறுநாள் வெற்றுத்தாள்தான் எதிரே இருக்கும். காட்சி பாதியில், அடுத்த வாக்கியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுங்கள். ஆரம்பத்தில் இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்த எழுதாத வாக்கியம் பாத்திரம் தேய்க்கும்போதும், பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் வருகைப்பதிவு போடும்போதும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக எழுதத் தொடங்கும்.

ஒரே நேரத்தில் ஒரே கதைதான் என்பதும் இதோடு சேர்ந்தது. மூன்று கதைகளைத் தொடங்கி வைத்துக்கொண்டு, எது வருகிறதோ அதை எழுதலாம் என்று முழுநேர எழுத்தாளர்கள் இருக்கலாம். நம் தலையில் ஏற்கெனவே பத்தாம் வகுப்பு சிலபஸ், பையனின் தடுப்பூசித் தேதி, பால் கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஒரு கதைக்குத்தான் அங்கே இடம் உண்டு. வேறு கதை தோன்றினால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதிவிட்டு இதற்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

பள்ளி ஆண்டும் புத்தக ஆண்டும்

ஆசிரியர் வேலையில் நமக்கு இருக்கும் பெரிய வசதி, ஆண்டு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிவது. ஜூனில் பள்ளி திறக்கும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வு, அதையொட்டி விடைத்தாள் திருத்தும் முகாம், மே விடுமுறை. நடுவில் தேர்தல் பணியோ கணக்கெடுப்புப் பணியோ வந்து விழும். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த மாதத்தில் என்ன மாதிரி எழுத்து என்று அதில் பிரித்துக்கொள்ளலாம்.

என் பிரிப்பு இது. ஜூன், ஜூலையில் புதுக்கதை தொடங்குவதில்லை. புது வகுப்பு, புதுப் பெயர்கள், சேர்க்கை, பாடநூல் விநியோகம் என்று மனது முழுக்க பள்ளியில் இருக்கும். அந்த இரண்டு மாதமும் கேட்டதையும் பார்த்ததையும் குறித்து வைக்கிற வேலை மட்டும். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை சிறுகதையின் முதல் வரைவு. ஆடித்தபசுத் திருவிழா முடிந்தால் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் அமைதி வந்துவிடும், எனக்கும் அதுதான் தொடக்கம். ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் திருத்தம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்புகள், அப்புறம் தேர்வு. அப்போது எழுத்தை எதிர்பார்க்காதீர்கள். வாசிப்பு மட்டும். மே மாதம் பெரிய வேலைக்கு: நாவலோ குறுநாவலோ எழுத நினைத்தால் அதன் அடித்தளத்தை அப்போது போட வேண்டும்.

இதில் இளம் ஆசிரியைகள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. தமிழ்ப் பதிப்புலகம் சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் சுற்றுகிறது. அது டிசம்பர் கடைசி, ஜனவரியில் நடக்கும். எனவே அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க வேண்டிய மெய்ப்புப் பக்கங்கள் நவம்பர், டிசம்பரில் நம் கைக்கு வரும். சரியாக அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டும் அப்போதுதான் மேசைக்கு வரும். அதே நேரம் மழைக்காலம், பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும். மூன்றும் சேர்ந்தால் மெய்ப்பை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவோம். பிழையோடு வந்த புத்தகம் பிழையோடுதான் நூலக அலமாரியில் நிற்கும். தொகுப்பு கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கைப்பிரதியை ஜூன் மாதத்துக்குள் பதிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். மெய்ப்பு செப்டம்பர், அக்டோபருக்குள் வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். காலாண்டு விடுமுறையில் பார்த்துக் கொடுக்க முடியும்.

மே விடுமுறை பற்றி ஒரு வார்த்தை. விடுமுறை என்றாலே அம்மா வீடு, கோயில் கொடை, கல்யாணங்கள். இதையெல்லாம் விட்டுவிடச் சொல்லமாட்டேன். நம் கதைகள் அங்கிருந்துதான் வருகின்றன. விடுமுறையின் முதல் பத்து நாளைக் கேளுங்கள். கடைசிப் பத்து நாளைக் கேட்காதீர்கள். கடைசியில் சீருடை, நோட்டு, அட்டை போடுவது என்று வேலை சேர்ந்துவிடும்.

பஸ், போன், பேச்சு

எங்கள் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைப்பது அரிது. காலைப் பயணத்தில் எழுத முடியாது. கேட்கலாம். பூ மார்க்கெட்டுக்குப் போகிற பெண்களும், தறிக்குப் போகிற பெண்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிகளும் பேசுவதைக் கேட்டாலே ஒரு வாரத்துக்குத் தேவையான உரையாடல் கிடைத்துவிடும். சாயங்காலம் இடம் கிடைக்கும். அப்போது போனில் எழுதுகிறேன்.

போனில் எழுதுவதை இளக்காரமாக நினைக்காதீர்கள். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் வேகமாக எழுதலாம். கையில் குழந்தை இருந்தால் அதுவும் முடியாது. அப்போது பேச்சை எழுத்தாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். என் மகன் பால் குடிக்கிற பருவத்தில் இருந்தபோது அப்படித்தான் எழுதினேன். அது நம் வட்டார வழக்கைப் புரிந்துகொள்ளாது. "ஏட்டி, இங்கன வா" என்று சொன்னால் ஏதேதோ போட்டு வைக்கும். பெயர்களையும் குழப்பும். நிறுத்தக்குறி போடாது. அதனால் பேசிய அன்றைக்கே ராத்திரி ஒருமுறை பார்த்துத் திருத்திவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் நாம் என்ன பேசினோம் என்று நமக்கே தெரியாது. உரையாடலை மட்டும் ஒலிப்பதிவாகவே வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஏற்ற இறக்கம் எழுத்தில் வருவதற்கு ஒலி உதவும்.

சொல்லி எழுதுவது தமிழ்ப் பெண்களுக்குப் புதிதும் இல்லை. வை.மு. கோதைநாயகி தன் முதல் நாடகமான 'இந்திரமோகனா'வைத் தன் கையால் எழுதவில்லை. அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர்தான் 1925-லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். வாயால் சொல்வது எழுத்தில் சேராது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ விடுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாத விடுப்பு உண்டு. அந்த ஒரு வருடத்தில் நாவல் எழுதிவிடலாம் என்று திட்டம் போட்டு, முடியாமல் போய், அழுத பெண்களை எனக்குத் தெரியும். அந்த விடுப்பு உடம்பு தேறுவதற்கும் குழந்தைக்கும் கொடுக்கப்பட்டது. முதல் ஐந்தாறு மாதம் எழுத்தை எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி பால் கொடுக்கும்போது தோன்றுவதைப் போனில் பேசி வைத்துக்கொண்டால் போதும். அந்த நேரத்து மனநிலை திரும்ப வராது. பிற்பாடு எவ்வளவு யோசித்தாலும் அந்தச் சொற்கள் கிடைக்காது.

கட்டுரை நோட்டுகள்

தமிழாசிரியையின் எழுத்து நேரத்தைத் தின்பது வகுப்பு எடுப்பது இல்லை, திருத்துவதுதான். நாற்பது பிள்ளைகள் இருக்கிற இரண்டு வகுப்புக்குக் கட்டுரை நோட்டு திருத்தினால் வார இறுதி போய்விடும். அதைவிட, பிழையான வாக்கியங்களையே மணிக்கணக்கில் படித்துவிட்டு உட்கார்ந்தால் நம் சொந்த வாக்கியம் வராது.

நான் செய்வது இது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துவேன், அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். "இந்த வாரம் வல்லினம் மிகும் இடம் மட்டும் பார்ப்பேன்." அடுத்த வாரம் ர, ற. அதற்கடுத்து பத்தி பிரிப்பது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கிற பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை, நோட்டை மூடிவிடும். ஒன்றை மட்டும் காட்டினால் அந்த ஒன்று நிற்கிறது. நமக்கும் திருத்தும் நேரம் பாதியாகிறது. மேலதிகாரி பார்வைக்கு எல்லாப் பக்கமும் திருத்தியிருக்க வேண்டும் என்று உங்கள் பள்ளியில் எதிர்பார்ப்பு இருந்தால், என்ன முறையில் திருத்துகிறீர்கள் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

நோட்டுக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பள்ளி முடிந்து அரை மணி நேரம் இருந்து திருத்திவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போவது நல்லது. வீட்டுக்கு வந்த கட்டு நாம் எழுதுகிற மேசையில்தான் உட்காரும். அதைப் பார்த்துக்கொண்டே கதை எழுத யாராலும் முடியாது.

ஃப்ரீ பீரியடில் எழுதலாமா என்று கேட்பார்கள். நான் எழுதுவதில்லை. அது பாடக்குறிப்புக்கும் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கும் உரிய நேரம். சம்பளம் வாங்குகிற நேரத்தில் நம் கதையை எழுதுகிறோம் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் ஒருமுறை எழுந்துவிட்டால் அது நம்மைப் பல வருடம் விடாது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிட்டு முடித்தபின் கிடைக்கும் பத்து நிமிடம் நம்முடையது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வகுப்பறை எழுத்தைத் தின்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் பாடத்தை முடித்துவிட்டு ஒரு கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் நெளிகிறார்கள், எந்த இடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது என்று கவனித்தால், கதையின் வேகம் பற்றி எந்தப் பயிலரங்கிலும் கற்க முடியாததைக் கற்றுக்கொள்ளலாம். நன்றாக எழுதுகிற பிள்ளைகளை, பள்ளிக்கல்வித் துறை மாணவர்களுக்காக நடத்தும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களுக்கு எழுத வையுங்கள். நீங்களும் ஆசிரியர்களுக்கான 'கனவு ஆசிரியர்' இதழுக்கு வகுப்பறை அனுபவம் எழுதலாம். அச்சில் பெயர் வருவது பழகினால் கூச்சம் போகும்.

பிள்ளைகளிடம் சொல்லும் முறை

"அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் படும். நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுங்கள். "பெரிய முள் ஆறுக்கு வர்ற வரைக்கும் அம்மா எழுதுவேன், நீ பக்கத்துல படம் வரை." இதில் அம்மா வாக்குத் தவறக் கூடாது. முள் ஆறுக்கு வந்ததும், எவ்வளவு நல்ல வாக்கியத்தில் இருந்தாலும், குறிப்பு எழுதிவிட்டு எழுந்து அவனோடு உட்கார வேண்டும். இரண்டு மூன்று முறை நாம் சொன்னபடி எழுந்தால் அடுத்த முறை அவன் நம்பிக் காத்திருப்பான். ஏமாற்றினால் அதற்கப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கையைப் பிடிப்பான், அது நியாயம்தான்.

வளர்ந்த பிள்ளைகளிடம் வேறு மாதிரி. என்ன எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். என் மகளிடம் கதையின் பாதியைச் சொல்லி, "இந்தப் பொண்ணு இப்ப என்ன செய்வா?" என்று கேட்பேன். அவள் சொல்வது பெரும்பாலும் நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருக்கும், சில சமயம் அவள் சொல்வதே சரியாக இருக்கும். எழுத்து அம்மாவைத் தன்னிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகிற ஒன்றாக அவளுக்குத் தெரியவில்லை. அதற்காக நான் மிகவும் சந்தோஷப்படுகிறேன்.

காய்ச்சல் நாட்களில் எழுதாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வதுகூட வேண்டாம். அந்த நாட்கள் போய்விட்டன என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம். பக்கத்தின் அடியில் எழுதி வைத்த குறிப்பு அங்கேயே இருக்கும். பையன் எழுந்து விளையாட ஆரம்பித்த அன்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் கேட்க வேண்டியது

"எனக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. கேட்கிற விதத்தில் கிழமையும் நேரமும் வேலையும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் ராத்திரிச் சாப்பாடு அவருடைய பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாவு ஆட்டி வைத்துவிடுவேன், எனவே செவ்வாய் தோசை. வெள்ளிக்குள் மாவு புளித்துவிடும், அன்றைக்கு அவர் உப்புமாவோ தக்காளி சாதமோ செய்வார். பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அன்று அவர்தான். ஏழு மணியிலிருந்து எட்டரை வரை எனக்குக் கிடைக்கும். சாதம் குழைந்துவிட்டது, தாளிப்பு கருகிவிட்டது என்று அடுப்படிக்குள் போய் நிற்கக் கூடாது. போனால் அடுத்த வாரம் அந்தப் பொறுப்பு நம்மிடம் திரும்பி வந்துவிடும்.

அத்தை, மாமா கூட இருக்கிற வீடாக இருந்தால் எழுதுவதை மறைக்காமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். எல்லா வீட்டிலும் அது முடியாது என்றும் எனக்குத் தெரியும். துவரங்குறிச்சியில் ரொக்கையா குடும்பத்துக்குத் தெரியாமல் ராத்திரியில் ஒளிந்து எழுதி, சல்மா என்ற பெயரில் கவிதை வெளியிட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. உங்கள் வீட்டு நிலைமை அப்படி என்றால் புனைபெயர் வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் கிடையாது. அப்படி இல்லாதபோது, எழுதி முடித்த கதையை அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். என் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் "தறிக்குப் போறவ விடியக்காலம் கோலம் போட மாட்டா, முந்தின ராத்திரியே போட்டுருவா" என்று ஒரு கதையில் நான் எழுதியிருந்ததைத் திருத்திக் கொடுத்தது அவர்தான். அதற்கப்புறம் நான் எழுத உட்கார்ந்தால் பையனைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொள்கிறார்.

மாணவர்களைக் கதையில் எழுதும்போது

எனக்கு இதில் விட்டுக்கொடுக்க முடியாத சில கட்டுப்பாடுகள் உண்டு. பிள்ளைகள் நம்மிடம் வந்து வீட்டு விஷயங்களைச் சொல்வது நாம் டீச்சர் என்பதால். அப்பா குடிப்பது, அம்மா கோபித்துக்கொண்டு போனது, சாப்பிடாமல் வந்தது. இதை அப்படியே கதையாக்கினால் ஊரில் எல்லோருக்கும் எந்த வீடு என்று தெரிந்துவிடும். சின்ன ஊர். படிக்கும் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும் வரை அந்தப் பிள்ளை சொன்னதைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் பெயர், ஊர், தொழில், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது, எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆண்பிள்ளையைப் பெண்பிள்ளையாக மாற்றிப் பாருங்கள், கதை பெரும்பாலும் இன்னும் நல்லதாகவே வரும். மாற்றிய பிறகும் அந்தப் பிள்ளை படித்தால் தன்னை அடையாளம் கண்டு வருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அனுப்பாதீர்கள். ஒரு கதை போனால் போகட்டும்.

நம் சொந்தப் பிள்ளைகளுக்கும் இதே கட்டுப்பாடுதான். மகள் வயதுக்கு வந்ததையோ, மகனின் பயத்தையோ எழுதுவதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும்.

அனுப்புவதும் கணக்கு வைப்பதும்

எழுதி முடித்த கதையை உடனே அனுப்பாதீர்கள், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நடுவில் இரண்டு பேருக்குக் காட்டுங்கள். எனக்கு அப்படி இரண்டு தோழிகள், ஒருத்தி கணக்கு டீச்சர், இன்னொருத்தி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் செவிலியர். இருவரும் எழுதுகிறவர்கள் இல்லை, நிறைய வாசிக்கிறவர்கள். "எங்கே படிக்கிறதை நிறுத்தத் தோணுச்சு?" என்று மட்டும் கேட்பேன். நல்லா இருக்கா என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். புத்தகம் வெளியிடுவதற்கு முன் அந்த விதிகளைப் படித்துப் பார்த்து, தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புனைபெயரில் எழுதினாலும் இதைச் செய்துவிடுவது பாதுகாப்பு.

ஒரு நீளமான நோட்டு வாங்கிப் பதிவேடு மாதிரி கோடு போட்டுக்கொள்ளுங்கள். நமக்குத்தான் பதிவேடு பராமரிப்பது கைவந்த வேலையாயிற்றே. கதையின் பெயர், எந்த இதழுக்கு, அனுப்பிய தேதி, பதில், சன்மானம். ஒரே கதையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது. மூன்று மாதம் பதில் வரவில்லை என்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். பதில் வராததற்குக் கதை மோசம் என்று அர்த்தம் இல்லை. சிற்றிதழ்களில் ஒன்றிரண்டு பேர்தான் எல்லா வேலையும் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் பகலில் வேறு வேலை இருக்கும்.

சன்மானம் வந்தால் வீட்டுச் செலவில் கலந்துவிடாதீர்கள். அதற்கென்று தனி அஞ்சலகக் கணக்கு வைத்திருக்கிறேன். அதிலிருந்துதான் புத்தகம் வாங்குவேன், நோட்டு வாங்குவேன், எழுத்தாளர் கூட்டத்துக்குத் திருநெல்வேலி போக நேர்ந்தால் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் அதிலிருந்துதான். தொகை சின்னதுதான். கேட்காமல் எடுக்க முடிகிற பணம் என்பதால் போகலாமா வேண்டாமா என்ற யோசனை வருவதில்லை, சனிக்கிழமை காலை ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறேன்.